சடபரதரின் நடை

வடமொழியில் ‘ஜட’ என்றும் தமிழில் ‘சடம்’, ‘சடன்’ என்றும் வழங்கும் சொல், சமய நூல்களிலும் தத்துவ நூல்களிலும் இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது. ஒரு பக்கம் அது கல், மண், உடல் முதலிய அறிவற்ற பொருள்களைச் சுட்டும் கலைச்சொல். மறுபக்கம், கைகால் சொன்னபடி வளையாத, நடக்கச் சொன்னால் தடுமாறி, நிற்கச் சொன்னால் மரம்போல் நின்றுவிடுகிற மனிதனை ஏசும் வசைச்சொல். குளிர்ந்து விறைத்துப்போதல் என்னும் பழைய பொருள் இவ்விரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. இந்தியில் குளிரையும் குளிர்காலத்தையும் குறிக்கும் ‘ஜாடா’ என்னும் சொல் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நாட்டிய சாஸ்திரம் வந்து மறையும் உணர்வுகளாக எண்ணும் 33-இல் ‘ஜடதா’ என்பதும் ஒன்று. விரும்பியதையோ வெறுத்ததையோ எதிர்பாராமல் கண்டோ கேட்டோ உடல் செயலற்றுப்போவதை அது குறிக்கிறது. சைவ சித்தாந்தத்தில் மலமும் மாயையும் சடம். தாமாக அறியவோ இயங்கவோ மாட்டாதவை என்பது அதன் பொருள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘நிலைமம்’ என்று சொல்லும் இயற்பியல் கருத்தைச் ‘சடத்துவம்’ என்றே எழுதுகின்றன. இந்த வழக்கு பின்னால் பயன்படும்.

உடலின் ஒத்துழையாமைக்கு வழங்கிய சொல்லே அறிவின்மைக்கும் வழங்கியதால், உடல் தடுமாறுகிறவனுக்கு அறிவும் இல்லை என்ற முடிவு மொழிக்குள்ளேயே குடியேறிவிட்டது. அந்த முடிவை எதிர்த்து இந்தியச் சமய மரபு சொன்ன கதைகளுள் மிக விரிவானது, இச்சொல்லைப் பட்டப்பெயராகவே சுமந்த சடபரதரின் கதை. விஷ்ணு புராணத்தின் இரண்டாம் அம்சத்தில் 13 முதல் 16 வரையுள்ள அத்தியாயங்களும், பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் 7 முதல் 14 வரையுள்ள அத்தியாயங்களும் அதைச் சொல்கின்றன. பரத கண்டத்துக்குப் பெயர் தந்த அரசனாகிய பரதன் நாட்டைத் துறந்து காட்டில் தவம் செய்கையில், சிங்கத்தின் முழக்கத்துக்கு அஞ்சி ஆற்றைத் தாண்டிய பெண்மானின் வயிற்றிலிருந்து நழுவி நீரில் விழுந்த குட்டியை எடுத்து வளர்த்து, அதன்மேல் வைத்த பாசத்தாலேயே மறுபிறவியில் மானாகப் பிறந்தான். அதற்கடுத்த பிறவியில், முந்தைய நினைவு அழியாமலே, ஆங்கிரச கோத்திரத்து அந்தணர் ஒருவரின் மகனாகப் பிறந்தான். ஒருமுறை அன்பு வைத்து வழுக்கியவர் மறுமுறை யாரும் தம்மிடம் அன்பு வைக்காதபடி பார்த்துக்கொள்வது இயல்பே. ஊரார் கண்ணுக்குச் சடனாகவும் பித்தனாகவும் செவிடனாகவும் தெரியும்படி அவர் நடந்துகொண்டதன் காரணத்தைப் பாகவதம் இவ்வாறே காட்டுகிறது.

அந்த நடத்தையைப் பாகவதம் வருணிக்கும் விதம் கூர்ந்து பார்க்கத்தக்கது. தந்தை நான்கு மாதம் உட்கார்த்திவைத்துப் பிரணவத்தோடும் வியாகிருதிகளோடும், அதாவது பூ, புவ, சுவ என்னும் உலகப் பெயர்களோடும், காயத்திரியைச் சொல்லிக்கொடுத்தும் அது பிள்ளையின் வாயில் ஒழுங்காக அமையவில்லை. தந்தை இறந்தபின் தமையன்மார் அவரை வயல்வேலைக்கு விட்டார்கள். அங்கே எது மேடு எது பள்ளம், எங்கே மண் கூடுதல் எங்கே குறைவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. குருணை, புண்ணாக்கு, உமி, புழுத்த பயறு, பானையின் அடியில் தீய்ந்து ஒட்டிய சோறு என்று எதைப் போட்டாலும் அமுதமாக உண்டார். கொள்ளையர் தலைவன் ஒருவன் பிள்ளைவரம் வேண்டி நரபலியிட ஆள் தேடியபோது, வயல் காவலில் இருந்த அவரை அவனுடைய ஆட்கள் பிடித்துச் சென்றதும், காளியே வெளிப்பட்டு அவர்களை அழித்ததும் அடுத்து வரும் பகுதி. அது புராணத்துக்குரிய பெரிய காட்சி என்றாலும், தத்துவ நோக்கில் அந்தத் தீய்ந்த சோற்றைவிடக் குறைவாகவே பேசுகிறது.

இந்நூல்கள் இச்சொல்லைக் கையாளும்போது ‘வத்’ என்னும் உவம விகுதியை அதனோடு சேர்த்துவிடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்காதவனுக்கு எதையும் சொல்லற்க, அறிந்திருந்தும் அறிவாளி உலகில் சடனைப்போல் நடந்துகொள்க என்று மனு தரும சாத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் விதிக்கிறது. பரதரும் தம்மைப் பற்றிப் பேசுமிடத்தில் ‘பித்தனைப்போல், சடனைப்போல்’ என்றே சொல்கிறார். குழந்தை, பித்தர், பேய் ஆகியோரைப்போல் ஞானி திரிவான் என்பது தாயுமானவர் வரை தமிழிலும் நீண்டு வந்த கருத்து. ‘போல்’ என்னும் இந்தச் சிறு இடைச்சொல் ஞானியைக் காப்பாற்றிவிடுகிறது. உண்மையாகவே சடனாக இருப்பவனை அது பழைய இடத்திலேயே விட்டுச்செல்கிறது. ஆதி சங்கரரிடம் தந்தையால் அழைத்துவரப்பட்ட, பேசாத, விளையாடாத, மந்தப் பிள்ளை என்று கருதப்பட்ட சிறுவன் ‘நீ யார்’ என்ற கேள்விக்குச் சுலோகங்களால் விடை சொல்லி ஹஸ்தாமலகர் ஆன கதையும் இதே அச்சில் வார்த்தது. அந்தச் சுலோகங்களை ரமண மகரிஷி தமிழில் பெயர்த்திருக்கிறார்.

தமிழில் இவ்வகைக்கு முதன்மையான சான்று நம்மாழ்வாரின் வரலாறு. இன்று ஆழ்வார்திருநகரி எனப்படும் திருக்குருகூரில், பிறந்ததுமுதல் அழாமலும் பால் குடிக்காமலும் இருந்து, புளியமரத்தடியில் 16 ஆண்டுகள் அசையாமல் அமர்ந்திருந்த அவரிடம், மதுரகவியார் வந்து, உயிரற்றதன் வயிற்றில் சிறியதொன்று பிறந்தால் அது எதை உண்டு எங்கே இருக்கும் என்று கேட்டதாகவும், அதையே உண்டு அங்கேயே கிடக்கும் என்று விடை வந்ததாகவும் குருபரம்பரை நூல்கள் கூறும். உயிரற்றது என்பதற்கு அறிவற்ற உடல் என்றும், சிறியது என்பதற்கு அணுவளவான ஆன்மா என்றும் வைணவப் பெரியோர் பொருள் கொள்வர். சடமாகிய உடலுக்குள் அறிவுடைய உயிர் எப்படிக் குடியிருக்கிறது என்ற கேள்வி, சடமாகவே தோற்றமளித்த ஓர் இளைஞரிடம் கேட்கப்பட்டது என்பதில் கதையை அமைத்தவர்களின் நுட்பம் தெரிகிறது. அவருக்கு வழங்கும் சடகோபர் என்ற பெயரிலுள்ள சடம், பிறக்கும் குழந்தைகளைச் சூழ்ந்து அறிவை மறைக்கும் சடவாயுவைக் குறிக்கும். வடமொழியில் அது ‘ஶட’ எனும் வேறு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால், அசையாதிருந்தவரைப் பற்றிய பெயர்போல் அது காதில் விழுவது தற்செயலான பொருத்தம்.

தடுமாற்றத்தைச் சமயப் பயிற்சியாகவே விதித்த மரபும் ஒன்று உண்டு. இலகுலீசரைக் குருவாகக் கொண்ட பாசுபதச் சைவத்தின் அடிப்படை நூலான பாசுபத சூத்திரம், கௌண்டின்யரின் ‘பஞ்சார்த்த பாஷ்யம்’ என்னும் உரையோடு, அனந்தகிருஷ்ண சாஸ்திரியால் பதிப்பிக்கப்பட்டு 1940-இல் திருவனந்தபுரத்தில் வெளிவந்தது. பாசுபதத் துறவி தன் அடையாளங்களை மறைத்துக்கொண்டு மக்களிடையே சென்று, தூங்குவதுபோல் பாசாங்கு செய்தல், வாதம் கண்டவனைப்போல் உறுப்புகளை நடுக்குதல், காலூனமுற்றவனைப்போல் நொண்டி நடத்தல் முதலியவற்றைச் செய்ய வேண்டும் என்று அதன் மூன்றாம் பகுதி விதிக்கிறது. நொண்டி நடத்தலுக்கு ‘மண்டனம்’ என்று தனிக் கலைச்சொல்லே உண்டு. அணி செய்தலைக் குறிக்கும் மண்டனம் வேறு, இது வேறு. இதைக் கண்டு எள்ளி நகைப்பவர்களிடம் துறவியின் பாவம் போய்ச் சேரும், அவர்களுடைய நல்வினை துறவிக்கு வந்து சேரும் என்பது நூல் சொல்லும் பயன். அமெரிக்க வடமொழி அறிஞர் டேனியல் இங்கால்ஸ் 1962-இல் எழுதிய கட்டுரையில் இத்துறவிகளைப் பண்டைக் கிரேக்கத்துச் சினிக்குகளோடு ஒப்பிட்டார். இழிவைத் தேடிப் போதல் இருவருக்கும் பொதுவாக இருந்தது. ஆனால் பாசுபத விதியில் ஒரு கணக்குவழக்கு இருக்கிறது. நொண்டாதவன் நொண்டுகிறான், அறியாதவன் சிரிக்கிறான், சிரித்தவனுடைய புண்ணியம் கைமாறுகிறது. சிரித்தவனுக்கு நேரும் இழப்பைப் பற்றி விதி கவலைப்படவில்லை. அகந்தையை அழிக்கும் பயிற்சி என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு என்றாலும், பிறர் உயிரைப் பற்றிய அக்கறை என்ற அளவில் அதைச் சடபரதரின் நடைக்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது.

அந்த நடைக்கு வருவோம். சிந்து, சௌவீர நாடுகளின் அரசனான ரகூகணன், இட்சுமதி ஆற்றங்கரையில் கபில முனிவரின் ஆசிரமத்துக்கு மெய்ப்பொருள் கேட்கப் பல்லக்கில் போகிறான். வழியில் ஆள் குறைகிறது. பருத்த உடம்போடு எதிரே தென்பட்ட பரதரைப் பிடித்துத் தண்டுக்குத் தோள் கொடுக்க வைக்கிறார்கள். பல்லக்குத் தூக்குவதில் கால்கள் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழ வேண்டும். ஒருவன் அடியெடுக்க ஒரு கணம் தயங்கினாலும் தண்டு அவன் பக்கம் பின்னிழுக்க, மற்றவர் தோள்மேல் பாரம் சாய, உள்ளே இருப்பவர் குலுங்குவார். பரதரோ ஓர் அம்பின் நீளத்துக்கு முன்னால் தரையைப் பார்த்து அடி வைத்தார் என்கிறது பாகவதம்; விஷ்ணு புராணம் அந்த அளவை ஒரு நுகத்தடி நீளம் என்று சொல்லி, அவர் மந்தமாக நடந்ததையும் மற்றவர்கள் விரைந்ததையும் அருகருகே வைக்கிறது. எறும்பும் புழுவும் காலில் மிதிபடாமல் இருக்கவே அப்படிப் பார்த்து நடந்தார் என்பது உரை மரபு தரும் விளக்கம்.

இந்த விளக்கம் ஊகமாகச் சொல்லப்பட்டதன்று. சமணத் துறவிகள் கைக்கொள்ளும் ஐந்து சமிதிகளில், அதாவது கவனத்தோடு செய்ய வேண்டிய ஒழுக்கங்களில், முதலாவதான ‘ஈரியா சமிதி’, முன்னால் ஒரு நுகத்தடி நீளத்துக்குத் தரையைப் பார்த்து உயிர்களுக்கு ஊறு நேராமல் நடப்பதையே விதிக்கிறது. பௌத்தத் துறவிகளுக்கும் கண்ணைத் தாழ்த்தி அதே அளவு தூரம் பார்த்து நடக்கும் விதி உண்டு. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், மதுரைக்குப் புறப்பட்ட கோவலனிடமும் கண்ணகியிடமும் சமணத் துறவியான கவுந்தியடிகள் வழியின் அருமையை எடுத்துச்சொல்கையில், வயல்வழியே போனால் காலடியில் நண்டும் நத்தையும் நசுங்கும், அந்தத் துன்பம் தாங்கத்தக்கதன்று என்று கவலைப்படுகிறார். அந்தண மரபுப் புராணத்தின் ஞானி, சமணத் துறவியின் நடையை நடந்தார் என்று சொல்வதில் தவறில்லை. தோளில் அரசனைச் சுமந்துகொண்டே அவர் அதை நடந்ததுதான் சிக்கலாயிற்று.

பல்லக்கு குலுங்கியதும் அரசன் மற்றவர்களை அதட்டுகிறான். அவர்கள் புதிய ஆளைக் காட்டுகிறார்கள். அரசன் முதலில் கேலி பேசுகிறான்: ஐயோ பாவம், நெடுந்தூரம் தனியாகவே சுமந்து வருகிறாய், உடம்பும் பருமனில்லை, வயதும் ஆகிவிட்டது என்கிறான். மறுபடியும் குலுங்கியபோது கேலி கோபமாகி, உயிரோடு இருக்கும் பிணமே, கவனமில்லாதவனே, உனக்கு இயமனைப்போல் நான் வைத்தியம் செய்கிறேன் என்கிறான். தண்டனைக்கு வைத்தியம் என்று பெயர் வைப்பது அதிகாரத்தின் நெடுநாள் வழக்கம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, அங்கிருந்தவர்களில் தரையைப் பார்த்துக் கவனத்தோடு நடந்த ஒரே ஆளைக் ‘கவனமில்லாதவன்’ என்றும், உயிர்களைப் பார்த்து நடந்தவரை ‘உயிரோடு இருக்கும் பிணம்’ என்றும் அவன் அழைத்தது. இயற்பியலார் சொல்லும் சடத்துவம், நின்ற பொருள் நின்றபடியும் ஓடும் பொருள் ஓடியபடியும் தொடரும் தன்மை. அந்தக் கணக்கின்படி, கீழே என்ன நசுங்குகிறது என்று பாராமல் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்த கால்களுக்கே அப்பெயர் பொருந்தும். தடைபட்டு, விலகி, மீண்டும் எழுந்த கால் அந்த ஓட்டத்தை முறித்த ஒன்று.

பரதர் வாய் திறக்கிறார். பருமன், மெலிவு, பசி, தாகம், மூப்பு எல்லாம் உடலை நானென்று கொண்டு பிறந்தவனுக்கு உண்டு, எனக்கு இல்லை என்கிறார். நான் தன்னிலை அடைந்தவனானால் உன் வைத்தியத்தால் எனக்கு ஆவதொன்றுமில்லை, உண்மையிலேயே மந்தனானால் அது அரைத்த மாவையே அரைப்பதாகும் என்றும் சொல்கிறார். பின்னர், பாதத்தின்மேல் கணைக்கால், அதன்மேல் முழங்கால், தொடை, இடை, மார்பு, கழுத்து, தோள், தோளின்மேல் மரத்தாலான பல்லக்கு, பல்லக்கினுள் சௌவீர அரசன் என்று பெயர்கொண்ட இன்னொரு மண் திரள் என்று அடுக்கிக்கொண்டு போகிறார். சுமப்பவன் சுமக்கப்படுபவன் என்ற வேறுபாடு மண்ணின்மேல் மண் என்றாகிவிட்டால், தடுமாறும் கால் யாருடையது என்ற கேள்விக்கு இடமே இராது.

இங்கே கதை முடிந்திருந்தால் அது வழக்கமான வேதாந்தப் பாடமாக நின்றிருக்கும். ரகூகணன் பல்லக்கிலிருந்து இறங்கி வணங்கிவிட்டு எதிர்க்கேள்வி கேட்பதுதான் இப்பகுதிக்கு எடை தருகிறது. சட்டி தீயால் சுடுகிறது. சட்டியின் சூட்டால் அதிலுள்ள பால் கொதிக்கிறது. பாலின் சூட்டால் அதற்குள் கிடக்கும் அரிசி வேகிறது. அதுபோல் உடலின் களைப்புப் புலன்கள் வழியாகவும் உயிர்ப்பு வழியாகவும் உள்ளே இருப்பவனை எட்டாமல் எப்படிப் போகும் என்பது அவன் வாதம். சுமை தூக்கி ஒருநாளும் பழகாதவன் கேட்டாலும் கேள்வி சுமை தூக்குகிறவர்களின் பக்கத்திலிருந்து வருவது. பரதரின் விடை மனத்தை நோக்கிப் போகிறது: நெய்யுள்ள திரி எரியும்வரை புகையோடு கூடிய சுடரைக் காட்டுகிறது, நெய் தீர்ந்ததும் தன் இயல்பான நிலைக்குப் போகிறது, மனமும் குணங்களிலும் வினைகளிலும் ஒட்டியிருக்கும்வரை அவ்வாறு பல வடிவம் கொள்கிறது என்கிறார். சூடு அரிசியை எட்டுகிறதா என்ற நேர்க்கேள்விக்கு இது, மனம் என்ற பால் இருக்கும்வரை எட்டும், அது வற்றிய இடத்தில் எட்டாது என்று விடை சொல்கிறது. ஞானிக்கு இது போதும். மனம் வற்றாத மற்றவர்களுக்கு அரசனின் வாதம் முழு வலிமையோடு அப்படியே நிற்கிறது. பரதர் அதை மறுத்ததாகச் சொல்ல முடியாது, ஒருவகையில் ஏற்றுக்கொண்டார் என்றே கொள்ள வேண்டும்.

அப்படி ஏற்றுக்கொண்டதால்தான் அவருடைய நடைக்கும் பேச்சுக்கும் இடையே உள்ள முரண்போன்ற ஒன்று தீர்கிறது. உடலின் துன்பம் ஆன்மாவுக்கு இல்லையென்றால், எறும்பின் துன்பம் மட்டும் எப்படிப் பொருட்டாகும்? தம் தோளின் வலியை மண்ணின்மேல் மண் என்று கழித்துவிட்டவர், புழுவின் சாவையும் அதே வாய்பாட்டால் கழித்திருக்கலாம். கழிக்கவில்லை. உடலை நானென்று கொண்ட உயிருக்கு வலி மெய்யே என்ற நிலைப்பாடு இல்லாமல், ஓர் அம்பு நீளம் தரையைப் பார்த்து நடப்பதற்குப் பொருளே இல்லை. ஆன்மா உடலன்று என்ற கோட்பாட்டைத் தன் வலிக்குப் பொருத்துவது துறவு. பிறர் வலிக்குப் பொருத்துவது கொடுமை. இந்த எல்லையைச் சூத்திரமாக எங்கும் சொல்லாமல் காலால் காட்டியது இக்கதையின் சிறப்பு.

ஓரிடத்தில் அது வாயாலும் சொல்லப்படுகிறது. ஐந்தாம் ஸ்கந்தத்தின் 12-ஆம் அத்தியாயத்தில், மண் அடுக்கைச் சொல்லி முடித்த கையோடு, இரங்கத்தக்க இந்த எளியவர்களைக் கூலியின்றிப் பிடித்து வேலை வாங்கும் நீ கருணையற்றவன், இதைச் செய்துகொண்டே நான் மக்களைக் காப்பவன் என்று பெருமை பேசுகிறாய், பெரியோர் அவையில் உனக்கு மதிப்பில்லை என்று பரதர் அரசன் முகத்துக்கு நேரே சொல்கிறார். அங்கே வரும் ‘விஷ்டி’ என்ற சொல் கட்டாய உழைப்பைக் குறிப்பது. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருவது இதன் தமிழ் வடிவமே என்று ஆய்வாளர்கள் கருதுவர், பிற்கால வழக்கில் அமஞ்சி என்பதும் அதுவே. சிவிகை சுமப்பவனையும் ஊர்பவனையும் காட்டி அறத்தைப் பேசும் திருக்குறளுக்கு, அறத்தின் பயனை இதிலேயே காணலாம் என்று பரிமேலழகர் உரை கண்டதும், இந்நிலையை வைத்து அறம் இதுவென்று சொல்லற்க என்று பிற்காலத்தார் பலர் பொருள் மாற்றியதும் அறிந்தவையே. பாகவதத்தின் இந்தச் சுலோகம் இரண்டாம் கட்சியின் பக்கம் நிற்கிறது. பெரிய புராணத்தில், திருப்பூந்துருத்திக்கு அருகில் கூட்டத்தோடு கூட்டமாய்ச் சம்பந்தரின் சிவிகையைத் தாங்கிய அப்பர், ‘அப்பர் எங்குற்றார்’ என்று கேட்கும்வரை யாரென்று தெரியாமலே வந்தார். அவர் தாமாக விரும்பித் தோள் கொடுத்தவர், மற்றவர்களோடு அடி ஒத்து நடந்தவர். பரதர் பிடித்து வைக்கப்பட்டவர், அவருடைய அடி ஒத்துவரவில்லை. ஒத்துவராததால்தான் பல்லக்குக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே மேலே இருந்தவனுக்குத் தெரியவந்தது.

மெய்யாகவே சடராய், மறைந்திருக்கும் ஞானம் ஏதுமில்லாதவராய், ‘போல்’ என்னும் இடைச்சொல்லின் காவல் கிடைக்காதவராய் இருப்பவர்களுக்கு இக்கதையில் கிடைப்பது அந்த ஒரு சுலோகமே. அடுத்த அத்தியாயத்தில் பரதர் பிறவியைக் கொள்ளையரும் நரிகளும் நிறைந்த காடாக உருவகித்துச் சொல்கிறார். அந்த உருவகத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் பொருள் விரிக்கப் பாகவதம் 14-ஆம் அத்தியாயம் முழுவதையும் ஒதுக்குகிறது. கூலியின்றிப் பிடித்து வரப்பட்ட மற்றத் தூக்கிகள் பின்னர் விடுவிக்கப்பட்டார்களா, ரகூகணன் கபிலரின் ஆசிரமத்துக்கோ அரண்மனைக்கோ எப்படிப் போனான் என்பதற்கு அந்த அத்தியாயங்களில் ஒரு வரியும் இடம்பெறவில்லை.